கூடத்திலிருந்து கொல்லைவரை: பழைய முற்றத்து வீட்டை முதுமைக்கு ஏற்பச் செப்பனிடுதல்

தமிழகத்தின் பழைய ஊர்களில் இன்றும் குடியிருப்பு உள்ள முற்றத்து வீடுகளில் பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் நாட்டு விடுதலைக்கும் இடைப்பட்ட காலத்தில் கட்டப்பட்டவை. காவிரிப் படுகையின் அக்கிரகாரங்கள், செட்டிநாட்டின் இரண்டு தெருவைத் தொடும் வீடுகள், புதுச்சேரியின் தமிழர் பகுதி, தாமிரபரணிக் கரையின் ஊர்கள் என வட்டாரத்துக்கு வட்டாரம் தோற்றம் மாறினாலும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். பத்துப் பதினைந்து பேர் வாழ்வதற்காகக் கட்டப்பட்ட இவ்வீடுகள் பலவற்றில் இப்போது அறுபதைக் கடந்த இருவரோ ஒருவரோதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். ஓய்வுபெற்றபின் நகரத்து அடுக்ககத்தை விட்டுப் பூர்வீக வீட்டுக்குத் திரும்புவோரும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். 2036இல் அது 20.8 விழுக்காட்டை எட்டும் என்பது தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் வல்லுநர் குழு கணித்தது. ஆகவே பழைய வீட்டை முதுமைக்கு ஏற்ப மாற்றுவது சில குடும்பங்களின் தனிக் கவலையாக இனி இருக்கப்போவதில்லை.

மாற்றத் தொடங்குமுன் வீட்டின் அமைப்பைப் படிக்க வேண்டும். அக்கிரகாரத்து வீட்டின் முகப்பு இருபது, இருபத்தைந்து அடிதான். நீளம் நூறடிக்குக் குறையாது. தெருவில் இரண்டு மூன்று படி, படிக்கு இருபுறமும் திண்ணை, அதைத் தாண்டினால் ரேழி, பிறகு வானம் திறந்த முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் கூடமும், ஒருபக்கம் காமிரா உள் என்னும் சிறு அறை, அதற்கப்பால் அடுக்களை, இரண்டாம் கட்டு, கிணறு, தொழுவம், கொல்லை. செட்டிநாட்டில் இதே வரிசை முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பெரிதாகிப் பின்தெருவில் போய் முடியும். வாசலில் நின்றால் கொல்லை தெரிய வேண்டும் என்பது பெரும்பாலான வீடுகளில் கடைப்பிடிக்கப்பட்ட முறை. எல்லா வாசல்களும் ஒரே கோட்டில் அமையும். ஊரில் வீடு இல்லாதவர்கள் இந்த அமைப்பைச் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில் நடந்து பார்க்கலாம். பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து அங்கே மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்த வீடு முதியவரை மறந்து கட்டப்பட்டது என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால் நல்ல இடங்கள் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டன. தாத்தாவுக்குத் திண்ணையும் ரேழியும், பாட்டிக்குக் கூடத்து மூலையும் இரண்டாம் கட்டும் எழுதப்படாத உரிமை. மாடி ஏற வேண்டிய தேவையே இல்லை. தூக்கம், உணவு, பூசை, பேச்சு எல்லாம் தரைத்தளத்தில்தான். இன்றைய கட்டடவியலர்கள் முதியோர் குடியிருப்புக்குப் பரிந்துரைக்கும் பலவும், அதாவது ஒரே தளத்து வாழ்க்கை, இயற்கைக் காற்று, தெருவோடு கண்தொடர்பு ஆகியவை, இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. குறைபாடு ஓரிடத்தில் மட்டும் குவிந்திருக்கிறது: கழிப்பறை கொல்லைக் கோடியில் இருக்கிறது.

அது அங்கே போனதற்குச் சமூகக் காரணம் உண்டு. தீட்டு என்ற எண்ணம் ஒன்று. மற்றொன்று எடுப்புக் கக்கூஸ். மலத்தைக் கையால் அள்ளிச் செல்லும் தொழிலாளர் வீட்டுக்குள் கால்வைக்கக் கூடாது என்பதால், அவர்கள் வந்துபோகப் பின்னால் ஒரு சந்து விடப்பட்டது. கழிப்பறை அந்தச் சந்தை ஒட்டிக் கட்டப்பட்டது. 1993இலும் 2013இலும் வந்த சட்டங்கள் அந்தத் தொழிலைத் தடைசெய்தன. பல வீடுகளில் எடுப்புக் கக்கூஸ் போய் மலத்தொட்டி வந்தது. இடம் மட்டும் மாறவில்லை. சாதி வகுத்த தொலைவை இன்று எண்பது வயதுக் கால்கள் நடக்கின்றன.

அந்த நடையைத்தான் முதலில் அளக்க வேண்டும். நூறடி நீள மனையில் கூடத்துக் கட்டிலிலிருந்து கொல்லைக் கழிப்பறைக்கு அறுபது எழுபது அடி இருக்கும். இரவு இரண்டு மணிக்கு எழும் முதியவர் இருட்டில் விளக்கு விசையைத் தேடுகிறார். தாழ்வாரத்து ஓரமாக, முற்றத்துப் பள்ளத்தில் கால் இறங்கிவிடாமல் நடக்கிறார். அடுக்களை நடையின் நிலைப்படியைத் தாண்டுகிறார். இரண்டாம் கட்டில் இன்னொரு நிலைப்படி. கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைக் குனிந்து நீக்குகிறார். மழை பெய்திருந்தால் பாசி பிடித்த கல்லில் இரண்டு படி இறங்குகிறார். கழிப்பறையில் மறுபடி ஒரு படி ஏற்றம், உள்ளே குத்தவைத்து உட்காரும் பீங்கான். சிறுநீர்ப்பைக் கோளாறோ நீர் வெளியேற்றும் இரத்த அழுத்த மாத்திரையோ இருந்தால் இந்த நடை இரவுக்கு மூன்று முறை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களில் பலர் பழைய நடமாட்டத்தைத் திரும்பப் பெறுவதில்லை. ஒரு வீட்டில் எதை மாற்றுவது, எதை விடுவது என்ற கேள்விக்கு இந்த இரவு நடையைவிட நம்பகமான அளவுகோல் இல்லை. அதைச் சுருக்காத எந்தச் செலவும், அது ஆத்தங்குடிக் கல்லாக இருந்தாலும் தேக்குத் தூணை மெருகேற்றுவதாக இருந்தாலும், இரண்டாம் பட்சமே.

நடையைச் சுருக்க இரண்டு வழிகள் உண்டு. படுக்கையைப் பின்னால் கொண்டுபோகலாம். கழிப்பறையை முன்னால் கொண்டுவரலாம். முதல் வழி மலிவு. பொறியாளர்கள் பெரும்பாலும் கொல்லையில் குளியலறையோடு ஒட்டிய ஒரு கான்கிரீட் அறையைக் கட்டி, முதியவரை அங்கே குடியேற்றச் சொல்கிறார்கள். கழிப்பறைச் சிக்கல் தீரும். ஆனால் வீடு அவரிடமிருந்து பறிபோகும். கூடத்தின் பேச்சு, வாசலில் வந்து நிற்கும் காய்காரர், எதிர்வீட்டுத் திண்ணை எல்லாம் அறுபதடிக்கு அப்பால் போய்விடும். மறதி நோய் தொடங்கியவருக்கு இது இன்னும் கொடுமை. பழகிய கூடத்தின் தூண்களும் ஒளியும்தான் அவருக்குத் திசை காட்டுபவை. காமிரா உள்ளையோ தாழ்வாரத்தின் ஒரு கோடியையோ குளியலறையாக்கி, படுக்கையைக் கூடத்தை ஒட்டியே வைத்துக்கொள்வது மேலானது. காமிரா உள் பெரும்பாலும் எட்டடிக்குப் பத்தடி இருக்கும், இன்று பழம்பொருள்கள் அடைத்துக் கிடக்கும். சக்கர நாற்காலி ஒருமுறை சுற்றித் திரும்ப 1500 மில்லிமீட்டர், அதாவது ஐந்தடி விட்டம் போதும் என்பதால் அந்த அளவுக்கு அறை தாராளம். பூசையறைக்கு அடுத்த சுவரில் கழிப்பறையா என்ற மறுப்பு பல வீடுகளில் எழும். அப்போது முற்றத்துக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவே, பக்கச்சுவரை ஒட்டிச் சிறு விரிவு ஒன்றைக் கட்டுவது இணக்கமான தீர்வு. படுக்கையிலிருந்து அதிகம் போனால் பதினைந்து அடி.

கழிவுநீர்க் குழாயே இத்திட்டத்தைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. நடுவீட்டிலிருந்து கொல்லைத் தொட்டிவரை நான்கு அங்குலக் குழாய் போதிய சரிவோடு போக வேண்டும். தரைக்கடியில் அதற்கு இடம் போதாதபோது கொத்தனார்கள் குளியலறைத் தரையை அரையடி உயர்த்திவிடுவார்கள். எதை ஒழிக்க வந்தார்களோ அந்தப் படியே மறுபடி வந்துவிடும். பின்னோக்கி, சுவர் வழியாகக் கழிவை வெளியேற்றும் கம்மோடைத் தேர்ந்தால் தரையை உயர்த்த வேண்டியதில்லை. வழியில் ஆய்வுத் தொட்டிகள் முற்றத்துக்குள் வராதபடி பக்கச் சந்திலோ தாழ்வாரத்து ஓரத்திலோ குழாயைக் கொண்டுபோவது நல்லது. கிணறு புழக்கத்தில் இருந்தால் மலத்தொட்டியின் உறிஞ்சு குழி அதிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. குறுகிய மனைகளில் இது பெரும்பாலும் முடிவதில்லை. பாதாளச் சாக்கடை வந்துவிட்ட ஊரானால் அதோடு இணைத்துவிடலாம். இல்லையேல் கிணற்று நீரைக் குடிக்கப் பயன்படுத்துவதை விட்டுவிட வேண்டியதுதான்.

குளியலறையின் உள்ளமைப்புக்குத் தெளிவான அளவுகள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தபின் மத்திய அரசு வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகள் பொதுக் கட்டடங்களைக் கருதி எழுதப்பட்டவை. தனி வீட்டை அவை கட்டுப்படுத்துவதில்லை, ஆனால் பின்பற்றத் தடையும் இல்லை. கதவின் திறப்பு 900 மில்லிமீட்டர். கம்மோடின் இருக்கை தரையிலிருந்து 450 முதல் 480 மில்லிமீட்டர் உயரம். கடைகளில் கிடைக்கும் சாதாரண வகை இதைவிடத் தாழ்வாக இருப்பதால், முழங்கால் வலி உள்ளவர் எழ முடியாமல் தவிப்பார். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், அல்லது நகரும் கதவாக இருக்க வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடலே உட்பக்கம் திறக்கும் கதவை அடைத்துக்கொண்டுவிடும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் நீக்கத்தக்கதாக இருப்பது அதே காரணத்துக்காக. ஷவரைவிட வாளியும் சொம்பும் பழகியவர்களே அதிகம் என்பதால், வாளி வைக்க ஒன்றரையடி உயர மேடையும், எதிரே சுவரில் பொருத்திய இருக்கையும் இருந்தால் குனிந்து நீர் மொள்ள வேண்டியதில்லை. இது எந்த அரசு நெறியிலும் இல்லாதது, செலவும் சொற்பம்.

கைப்பிடிக் கம்பி என்பது சில நூறு ரூபாய்ச் சாமான். ஆனால் பழைய வீட்டில் மிகத் தவறாகப் பொருத்தப்படுவது அதுதான். நூறாண்டுச் சுவர் மெல்லிய செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும், சில இடங்களில் வெறும் மண்சாந்தையும் கொண்டது. பிளாஸ்டிக் ஆணியுறையைத் துளையில் தட்டித் திருகாணி முறுக்கினால் கம்பி அன்றைக்கு உறுதியாக நிற்கும். ஒரு மனிதர் தம் முழு எடையையும் அதில் போட்டு எழும் நாளில் சாந்தோடு பிய்த்துக்கொண்டு வரும். நம்பி ஒருவர் பிடித்த பிடி பெயர்வதைவிடக் கம்பி இல்லாமலிருப்பது நல்லது. கம்பி இல்லாத இடத்தில் அவர் எச்சரிக்கையோடாவது இருப்பார். பழைய சுவரானால் மறுபக்கம்வரை துளைத்து, அங்கே இரும்புத் தகடு வைத்துப் போல்ட் இறுக்க வேண்டும். அல்லது தரையில் ஊன்றும் கம்பியைப் பயன்படுத்தலாம். குளியலறை புது விரிவில் அமைந்தால், கம்பி வரும் இடங்களில் கட்டும்போதே கான்கிரீட் கட்டைகளைச் சுவருக்குள் வைத்துவிடலாம். இன்று கம்பி தேவைப்படாவிட்டாலும் கட்டை இருக்கட்டும். கம்பியின் தடிமன் விரல்கள் முழுதும் வளைந்து பிடிக்கத்தக்கதாக, ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் இருப்பது வழக்கம். சுவருக்கும் கம்பிக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளியும் அதே அளவுக்கு வேண்டும்.

புது விரிவைப் பழைய வீட்டோடு இணைக்கும் விதத்திலும் தவறு நேர்கிறது. பழைய சுவர் தன் அடித்தளத்தின் மேல் நூறாண்டு அமர்ந்து, இறங்க வேண்டிய அளவு இறங்கி முடித்திருக்கும். புதுச்சுவர் இனிமேல்தான் இறங்கும். கொத்தனார் வழக்கப்படி இரண்டையும் பல் விட்டுக் கோத்துக் கட்டினால், இரண்டு மழைக்காலத்துக்குள் மூட்டு நெடுக வெடிப்பு ஓடும். புதியதைத் தனி அடித்தளத்தில் நிறுத்தி, நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு, அதை நெகிழ்வான பொருளால் அடைத்து, மேலே தகட்டு மூடி போடுவதே முறை. அக்கிரகாரங்களில் அடுத்த வீட்டுக்கும் நமக்கும் ஒரே பொதுச்சுவராக இருப்பது உண்டு. அதில் குழாய்க்காகப் பள்ளம் வெட்டுவதும் விட்டத்தின் நுனியைச் செருகுவதும் பக்கத்து வீட்டைக் கேட்காமல் செய்யத் தகாதவை. பழைய சுவர்களின் மேல் கான்கிரீட் தளம் வார்த்து மாடி எழுப்பும் ஆசை பலருக்கு வரும். முதியவருக்கு அந்த மாடியால் ஒரு பயனும் இல்லை.

நிலைப்படிகள் தனிக் கவனத்துக்குரியவை. நிலையின் அடிச்சட்டம் தரையிலிருந்து மூன்று முதல் ஆறு அங்குலம் உயர்ந்து நிற்கும். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் இடம், மிதிக்கக் கூடாத இடம். கால் தூக்கித் தாண்ட வேண்டும் என்ற மரபே, கால் தூக்க முடியாத வயதில் தடுக்கி விழவைக்கிறது. அதற்காகத் தேக்கு நிலையை அறுத்தெறிவது வீட்டின் உறுதிக்கும் அழகுக்கும் கேடு, குடும்பமும் சம்மதிக்காது. உள்வாசல்களில் நிலையைத் தொடாமல் இருபுறமும் மரத்தாலான சாய்வுப் பலகைகளைப் பொருத்தலாம். பன்னிரண்டுக்கு ஒன்று என்பது சாய்வுக்கு ஏற்கப்பட்ட அளவு. நான்கு அங்குல நிலைப்படிக்கு ஒவ்வொரு பக்கமும் நான்கடிச் சாய்வு வேண்டும். கூடத்தில் அதற்கு இடம் உண்டு, குறுகிய நடைகளில் இராது. அங்கே சாய்வுக்குப் பதில், நிலையின் இருபுறமும் செங்குத்தான கைப்பிடிகளும் நிலையின் விளிம்பில் தரையோடு மாறுபடும் நிறப் பட்டையும் உதவும். உள்ளறைக் கதவுகள் இரண்டரையடிதான் இருக்கும், தலையையும் தட்டும். அவற்றை எல்லாம் அகலமாக்க வேண்டியதில்லை. படுக்கை, குளியலறை, கூடம், வாசல் ஆகியவற்றை இணைக்கும் பாதையில் உள்ளவற்றை மட்டும் அகலமாக்கினால் போதும்.

தெருவாசலின் கணக்கு வேறு. வீட்டின் தரை தெருவிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தால், பன்னிரண்டுக்கு ஒன்று கணக்கில் முப்பதடிச் சாய்வுப்பாதை வேண்டும். இருபதடி முகப்பில் அது நடக்காது. திண்ணையை இடித்தாலும் நடக்காது. சாய்வைச் செங்குத்தாக்கி ஆறடியில் முடித்துவிடும் வீடுகளைப் பார்க்கலாம். அதில் சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்றுபவருக்கும் இறக்குபவருக்கும் ஆபத்து. முன்பக்கத்தில் படியின் ஒருபுறம் உறுதியான கைப்பிடியும், ஆறங்குலத்துக்கு மிகாத படிகளும் போதும். சக்கர நாற்காலிக்கும் ஸ்டிரெச்சருக்கும் கொல்லைச் சந்தே வழி. அங்கே இடம் இருக்கும், தரைமட்டமும் பெரும்பாலும் தெருப்பக்கம் அளவுக்குத் தாழ்ந்திருக்காது. வாசல்கள் ஒரே கோட்டில் இருப்பதால், கொல்லைக் கதவிலிருந்து கூடம்வரை வளைவு திரும்பாமல் வரலாம்.

தெருவே உயர்ந்துவிட்ட ஊர்களும் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் சாலை போட்டதில் திண்ணைப் படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்து, சில வீடுகளின் தரை தெருவுக்குச் சமமாகவோ கீழாகவோ ஆகிவிட்டது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என 2021இல் தமிழக அரசின் தலைமைச் செயலர் உத்தரவிட்டது இதற்காகத்தான். ஏற்கெனவே புதைந்த வீட்டுக்கு அது காலம் கடந்தது. ஏறும் சிரமம் குறைந்தது என்று மகிழ முடியாது, மழைநீர் ரேழிக்குள் வருகிறது, சுவரில் ஓதம் ஏறுகிறது. உள்தரையை உயர்த்துவது ஒரு தீர்வு. உயர்த்தினால் ஏற்கெனவே தாழ்ந்த கதவு நிலைகள் மேலும் தாழும். தெருவோரமாக ஆழமான வடிகால் வெட்டி நீரைக் கொல்லைக்குத் திருப்புவது மலிவு. ஆனால் கொல்லை தாழ்வாக இருந்தால்தான் அது பலிக்கும்.

ஓதத்துக்குச் சிமென்ட் பூச்சு மருந்தாகாது. சுண்ணாம்புப் பூச்சு நீராவியை வெளியே விடும். சுவரில் ஏறிய ஈரம் அதன் வழியே காய்ந்து போகும். சிமென்டைப் பூசினால் ஈரம் வெளியேற முடியாமல் சுவருக்குள் இன்னும் உயரே ஏறும், உப்புப் பூத்துப் பூச்சு உரியும், உள்ளே செங்கல் பொடியாகும். மூச்சுக்குழல் நோய் உள்ள முதியவரின் கட்டில் பெரும்பாலும் இதே ஈரச்சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரமாவது நீரில் ஊறவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசும் முறையைத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். செட்டிநாட்டிலும் புதுச்சேரியிலும் இன்னும் கிடைக்கிறார்கள். வீடு முழுதும் இயலாவிட்டால், தரையிலிருந்து நாலடி உயரம்வரை சிமென்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசினாலே வித்தியாசம் தெரியும்.

கூரை விஷயத்தில் அவசரம் கூடாது. நாட்டு ஓடோ சீமை ஓடோ மாற்றுவதும் புதுப்பிப்பதும் எளிது. சீமை ஓடு 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது, இன்றும் கிடைக்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்னும் மட்டத் தளம்தான் சிக்கலானது. பர்மா தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கல்களைக் குறுக்கே நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து திமிசு போட்டு, மேலே தட்டோடு பதித்த தளம் அது. ஒழுகினால் மேலே இன்னொரு சிமென்ட் தளம் போடுவது வழக்கமாகிவிட்டது. எடை கூடுகிறது, நீர் இடையில் சிக்குகிறது, சுவருக்குள் செருகியிருக்கும் கட்டையின் நுனி கண்ணுக்குத் தெரியாமல் உளுக்கிறது. தளத்தைத் தொடுமுன் ஒவ்வொரு கட்டையின் நுனியையும் ஆசாரியைக் கொண்டு குத்திப் பார்ப்பது அவசியம். ஓட்டுக் கூரையைப் பிரித்து எறிந்து கான்கிரீட் போடுவோர் வெப்பத்தை நினைப்பதில்லை. பகலில் வாங்கிய வெயிலைக் கான்கிரீட் தளம் இரவெல்லாம் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். முதிய உடலுக்கு வியர்த்துக் குளிரும் திறன் குறைவு. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கும் நிலையில், குளிர்ச்சியான கூரையை விலை கொடுத்து ஒழிப்பது விவேகமாகாது.

முற்றத்தை மூடுவதற்கும் இதே பதில்தான். குரங்குக்குப் பயந்து கம்பி வலை போடுவது நியாயம். மழைக்குப் பயந்து பாலிகார்பனேட் தகடு போட்டால் சூடான காற்று மேலேறிப் போகும் வழி அடைபட்டு வீடு வேகும். தகடு போட்டே ஆக வேண்டுமென்றால் அதைச் சுவருக்கு மேல் ஒன்றரை இரண்டடி உயர்த்தி, பக்கங்களைத் திறந்து விட வேண்டும். முற்றத்துப் பள்ளத்தின் விளிம்பு மங்கிய கண்ணுக்குத் தெரியாது. அறுபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதுக்காரருக்கு எட்டுவதில் மூன்றில் ஒரு பங்குதான். விளிம்பைச் சுற்றி வெளிர்நிறக் கல் பட்டையும், தாழ்வாரத்தில் நடக்கும் பக்கத்தில் தூணுக்குத் தூண் மரக் கைப்பிடியும் வைத்தால் முற்றம் கெடாது. வழுவழுப்பான சிவப்புக் காவித் தரையும் ஆத்தங்குடிக் கல்லும் காய்ந்திருக்கும்வரை பாதுகாப்பானவை, ஈரத்தில் ஆபத்தானவை. ஆகவே தாழ்வாரத்தின் மழைச்சாரல் படும் ஓரத்தில் மட்டும் கரடான கல்லைப் பதித்துவிட்டு, உள்ளே பழைய தரையை விட்டுவிடலாம். ஊஞ்சலைப் பற்றியும் ஒரு சொல்: ஆடும் பலகையிலிருந்து எழுவது தளர்ந்த காலுக்கு வினை. கழற்றத் தேவையில்லை, எழும்போது பலகையை அசையாமல் நிறுத்தச் சுவரில் ஒரு கொக்கி போதும்.

மின்கம்பிகளை முற்றாக மாற்றுவதில் பேரம் கூடாது. மரச்சட்டத்தில் ஓடும் பழைய கம்பிகளுக்குப் பெரும்பாலும் தரையிணைப்பே இராது. 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விசையை, கீசர் வரும் வீட்டில் தவிர்க்கக் கூடாது. இரவு நடையின் பாதை நெடுக, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், அசைவைக் கண்டு எரியும் சிறு விளக்குகள் மலிவானவை. தலைக்குமேல் எரியும் பெருவிளக்கு கண்ணைக் கூசவைத்துத் தூக்கத்தையும் கெடுக்கும். அடுக்களையில் மேடை, வெளிச்சம், கை எட்டும் உயரத்தில் பரண் போன்றவை எந்தப் புதுப்பிப்பிலும் வருபவைதான்.

திண்ணையைத் திறந்து வைப்பது சாமானைப் பொறுத்த விஷயமல்ல, ஆனால் முதுமைக்கு அது பெரிது. திருட்டுப் பயத்தால் பல திண்ணைகள் இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் போய்விட்டன. அதற்குள் உட்கார்ந்திருப்பவரோடு தெருவில் போவோர் நின்று பேசுவதில்லை. மடக்கித் திறக்கும் கதவாக அதை மாற்றிப் பகலில் திறந்து வைக்கலாம். மரபுச் சின்னங்களின் பாதுகாப்பு குறித்த பேச்சு நம்மிடம் முகப்போடு நின்றுவிடுவது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்ட உதவியோடும் இன்டாக் அமைப்பின் பங்கேற்போடும் செப்பனிடப்பட்ட புதுச்சேரியின் வைசியால் தெரு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுச் சின்ன விருதைப் பெற்றது. அந்தத் தெருவின் தாழ்வாரங்களும் திண்ணைகளும் மீண்டும் நிமிர்ந்ததில் ஐயமில்லை. அத்தகைய உதவிகள் வீட்டுக்குள் புகுந்து கழிப்பறைவரை வந்தால்தான் முகப்புக்குப் பின்னால் ஆள் குடியிருப்பார்.

சட்டக் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளுவது தவறு. மண் வெட்டுமுன் தீர வேண்டியவை அவை. முதலாவது உரிமை. பாகப்பிரிவினை ஆகாத வீட்டில் ஒருவர் பணம் போட்டுக் கட்டிய விரிவு பின்னால் எல்லோருக்கும் பொதுவாகும். தமிழகத்தில் 1989 சட்டத் திருத்தமும், நாடு முழுதும் 2005 திருத்தமும் இந்துக் கூட்டுக் குடும்பத்துப் பெண்களுக்குச் சமபங்கு தந்தபின், கையெழுத்திட வேண்டியோர் எண்ணிக்கை கூடியிருக்கிறது. சில கோயில் ஊர்களில் நிலம் கோயிலுடையது, கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது; ஸ்ரீரங்கத்தில் அடிமனைச் சிக்கல் என்று பேசப்படுவது இதுதான். அங்கே பட்டாவைப் பார்க்காமல் விரிவுக்கு இறங்கக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், காஞ்சிக் கைலாசநாதர் போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்று 2010 திருத்தச் சட்டம் வரையறுத்திருக்கிறது. தடைப் பகுதியில் பழைய வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி பெறலாம், புதிதாகக் கட்ட முடியாது. அங்குள்ளவர்கள் காமிரா உள்ளைக் குளியலறையாக்கும் வழியைத்தான் நாட வேண்டும். மற்ற இடங்களில் 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உள்ளாட்சியிடம் விரிவுக்கு வரைபட அனுமதி தேவை.

வேலையின் வரிசை, வீட்டில் முதியவர் இருக்கும்போதே வேலை நடக்கும் என்பதைக் கருதி அமைய வேண்டும். கையில் உள்ள பணத்தில் முதலில் கூரை ஒழுக்கும் மழைநீர் வடிகாலும். அவை சரியாகாமல் போடும் பூச்சும் நிறமும் வீண். இரண்டாவது, புதுக் குளியலறையும் அதற்கான குழாயும். அது புழக்கத்துக்கு வரும்வரை பழைய கழிப்பறையை இடிக்கக் கூடாது; அந்த இடைக்காலத்துக்குக் கட்டிலருகே கம்மோடு நாற்காலி ஒன்று போதும். பிறகு மின்கம்பி, நிலைப்படிச் சாய்வுகள், கைப்பிடிகள். பூச்சும் தரையும் மெருகும் கடைசி. கட்டுமானத் தூசி மூச்சுக்கு ஆகாதென்பதால், கூடத்தை வேலை முடியும்வரை தார்ப்பாயால் மறைத்து முன்கட்டிலும் பின்கட்டிலும் மாறி மாறிக் குடியிருப்பது உண்டு. ரேழியை அந்தக் காலத்துப் படுக்கையறையாக்கிக்கொள்ளலாம். இரவில் உடனிருக்கும் பணியாளருக்கோ ஊரிலிருந்து வந்து தங்கும் மகளுக்கோ படுக்கையின் குரல் எட்டும் தொலைவில் இடம் வேண்டும். காமிரா உள் குளியலறையாகிவிட்ட வீட்டில் தாழ்வாரத்தின் ஒருபக்கத்தை மரத்தட்டியால் மறைத்து அந்த இடத்தை உண்டாக்கலாம். அது சுவராக இல்லாதவரை, தேவை தீர்ந்தபின் கழற்றிவிட்டால் தாழ்வாரம் முன்போலவே கிடைக்கும்.